பெர்திக்கு எந்த ஊர்ப் பாட்டு?

தாஷ்கண்ட்டில் எகம்பெர்தியைத் தெரியாத கல்யாணச் சமையல்காரர் கிடையாது. விருந்து நடக்கிற முற்றத்துக்குள் நுழைந்ததும் எகம்பெர்தி செய்கிற முதல் காரியம், கிளாரினெட்டின் சீவாளியான ரீடை வாயில் வைத்து நனைத்து, குழலில் பூட்டி, நாலு சுரம் ஊதிப் பார்ப்பது. இரண்டு சுரம் மேலே ஏறும், மூன்றாவது நீளமாக நிற்கும், நாலாவது சரிந்து இறங்கும். அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரீடு ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சமையல்காரர், பந்திக்கு நேரமாகிவிட்டது என்று, பிலாவ் சோற்றுக் கொப்பரைக்கு அடியிலிருந்து விறகை இழுத்துவிடுவார். பெண்கள் தட்டுகளைத் துடைக்கத் தொடங்குவார்கள். பெர்திக்கு இது ஒன்றும் தெரியாது. ஊதுகிற நேரத்தில் அவருடைய கவனமெல்லாம் ரீடில் இருக்கும்.

பெர்தி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் அவருக்கு நாற்பத்தேழு வயது இருக்கலாம், நாற்பத்தெட்டும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஆளில்லை. செம்பட்டை முடி, சாம்பலும் பச்சையுமாகக் கண், நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வருகிற தொப்பை. விடியற்காலையில் ஆண்களுக்குப் பிலாவ் போடுகிற வீட்டில் உட்கார்ந்து, பெரியவர்கள் கண்ணை மூடித் தலையசைக்க மகாம் வாசிப்பார். அந்தப் பழைய சங்கீதத்தைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டு, கையோடு ட்ராம் பிடித்து ஒரு தாத்தார் வீட்டுப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்துக்குப் போவார். மத்தியானம் ஏதாவதொரு அதிகாரியின் சவ ஊர்வலம் இருந்தால் பித்தளை வாத்தியக்காரர்களோடு சோகமாக நடப்பார். சாயங்காலம் கொரியர் வீட்டில் அறுபதாம் வயது விழா. வியாழக்கிழமைகளில் ஹோட்டலில் ஜாஸ். புகாராவிலிருந்து வந்த யூதர்கள், ஆர்மீனியர்கள், உய்கூர்கள் என்று அவர் வாசிக்காத கல்யாணம் கிடையாது. ஆர்மீனியர்களின் சோகமான பாட்டு ஒன்றை வாசித்து, பெண்ணைப் பெற்ற அப்பனைத் தேம்பவைத்ததாக ஒரு கதை உண்டு. அந்த அப்பன் ரஷ்யன் என்பது கதையின் மீதிப் பாதி.

சங்கீதக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஒருமுறை அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்: "உனக்குக் கை இருக்கு, மூச்சு இருக்கு, காது இருக்கு. ஏதாவது ஒண்ணைப் புடிச்சுக்கோயேன்ப்பா. இப்படி எல்லாத்துலயும் கால வெச்சா எதுல நிக்கப் போறே?"

"சார், சாப்பாட்டு நேரத்துல உங்க வீட்டுல ஒரே ஒரு பதார்த்தந்தான் செய்வாங்களா?" என்றார் பெர்தி.

பேராசிரியர் கோபித்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்துத் தன் மகளுக்குக் கல்யாணம் பேசியதும் முதலில் தேடி வந்தது பெர்தியைத்தான். பெர்தியும் போய் வாசித்துவிட்டு வந்தார். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மனிதர்.

அவரும் அக்கார்டியன் வாசிக்கிற கொரியனான ஹெகாயும், தாயிரா என்ற பெரிய வட்டப் பறையைத் தட்டுகிற சோபித்தும் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. விருந்தாளி யாராவது வாழ்த்திப் பேச எழுந்தால், அவர் நாற்காலியிலிருந்து மைக்குக்கு நடந்து வருகிற நேரத்துக்கு அவருடைய ஊர்ப் பாட்டை வாசிக்க வேண்டும். தாஷ்கண்ட் கல்யாணங்களில் அது மரியாதை. கோரெஸ்ம்காரனுக்குத் தோள் குலுங்குகிற ஆட்டப் பாட்டு, ஃபெர்கானாக்காரனுக்கு அவன் பள்ளத்தாக்குப் பாட்டு, ஜார்ஜியாக்காரனுக்கு அவன் மலைப்பாட்டு. வருகிறவன் மேசையிலிருந்து எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் அவன் எந்த ஊர் என்று கண்டுபிடித்தாக வேண்டும். யாரையும் கேட்கக் கூடாது, கேட்டால் மானக்கேடு. பெர்தி தலையைப் பார்ப்பார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொப்பி உண்டு. கறுப்பில் வெள்ளை மிளகாய் தைத்திருந்தால் ஒரு ஊர், அடர்ந்த பூவேலை என்றால் இன்னொரு ஊர், ஆட்டுரோமம் என்றால் வேறு. தொப்பி இல்லாவிட்டால் மூக்கைப் பார்ப்பார், அதுவும் துப்புக் கொடுக்காவிட்டால் கோப்பையைப் பிடிக்கிற கையைப் பார்ப்பார். வாசிக்க வந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவர் தவறியதே கிடையாது.

அவருடைய ஊர் எது என்பதுதான் அவருக்கே தெரியாது. யுத்தத்தின் நடுவே, நாற்பத்திரண்டாம் வருஷக் குளிர்காலத்தில், மேற்கேயிருந்து ரயில் ரயிலாகக் குழந்தைகள் வந்து இறங்கினார்கள். அப்பா அம்மா செத்தவர்களும் உண்டு, வழியில் தொலைந்தவர்களும் உண்டு. பழைய நகரத்தில் பஞ்சுக்காரச் சந்தில் மெத்தை தைத்துக்கொண்டிருந்த ஹாஷிம், ஒரு பெண்குழந்தையைக் கூட்டிவரச் சொல்லி மனைவி அனுப்ப, ஸ்டேஷனுக்குப் போனார். மூன்று வயதுப் பையன் ஒருவன் அவருடைய இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் கோட்டில் தைத்திருந்த சீட்டு மழையில் நனைந்து, பேரும் ஊரும் நீலக் கறையாகிப் போயிருந்தது. ஹாஷிம் பையனோடு வீட்டுக்கு வந்தார். ஆண்டவன் கொடுத்தான் என்று அர்த்தம் வருகிற பேரை வைத்தார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்பது வயது மகள் ஹபீபா இருந்தாள். அன்றிலிருந்து பெர்திக்கு அக்கா அவள்தான்.

இதையெல்லாம் பெர்தி ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அது அவருக்கு வசதியாகக்கூட இருந்தது. தாத்தார் வீட்டில் கண்ணைப் பார்த்து, நம்ம பையன் என்பார்கள். யூதக் கல்யாணத்தில் கிழவர் ஒருவர் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து அதையே சொன்னார். போலந்துக்காரன், உக்ரேன்காரன், முடியைப் பார்த்த ஐரிஷ் எஞ்சினியர் ஒருவன்கூட. எல்லோருக்கும் பெர்தி தலையை ஆட்டுவார். எல்லோரும் அவர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார்கள்.

அந்த வருஷம் ஏப்ரலில் அவருடைய மகன் ரவ்ஷனுக்குப் பெண் பேசி முடித்தார்கள். பெண் பேர் நிகோரா. அவள் அப்பா முத்தல்லிப், கால்வாய் இலாகாவில் அதிகாரி. நேராக நிற்கிற, நேராகப் பேசுகிற மனிதர். பெண் வீட்டில் ரொட்டி பிட்கிற சடங்கு நடந்தது. ரொட்டியைப் பிட்டுவிட்டால் அப்புறம் பேச்சு மாறுவது கிடையாது. பெர்தியின் மனைவி மன்சூரா சம்பந்திக்கு வரிசை வைத்தாள்: பட்டு அங்கி, இடுப்புத் துணி, ஒரு தொப்பி. அங்கியைப் போர்த்தி, தொப்பியைத் தலையில் வைத்து, எல்லோரும் கை தட்டினார்கள்.

கிளாரினெட் இல்லாமல் பெர்தி பல் டாக்டரிடம்கூடப் போக மாட்டார். அன்றைக்கும் பெட்டி காலடியில் இருந்தது. ஹெகாயும் விருந்தாளியாக வந்திருந்தான், அக்கார்டியனோடு. சும்மா உட்கார முடியாமல் இரண்டு பேரும் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் முத்தல்லிப் பேசுவதற்காக எழுந்தார். பெர்தி தலையைத் தூக்கிப் பார்த்தார். அடர்ந்த பூவேலைத் தொப்பி. ஷஹ்ரிசப்ஸ் ஊர். விரல் தானாக ஓடியது. ஷஹ்ரிசப்ஸ் மலைப்பக்கத்து ஆட்டுக்காரர்களின் பாட்டைக் குதிபோட வாசித்துக்கொண்டே அவர் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார்.

முத்தல்லிப் பாதி வழியில் நின்றுவிட்டார். கூடத்தில் பேச்சு அடங்கியது. ஹெகாய் வாசிப்பதை நிறுத்திவிட்டு பெர்தியின் முழங்காலை இடித்தான்.

"அண்ணே, தொப்பி நம்ம அண்ணி குடுத்தது."

பெர்திக்குக் காது வரை சிவந்தது. அது மன்சூரா சந்தையில் பூ அழகாக இருக்கிறதே என்று வாங்கிய தொப்பி. முத்தல்லிப் அந்திஜான்காரர், அந்திஜான்காரர்களுக்கு ஊர்ப் பெருமை கொஞ்சம் அதிகம்.

முத்தல்லிப் தொப்பியைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். சிரிக்கத்தான் சிரித்தார். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றது.

"சம்பந்தி, ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு, நான் எந்த ஊருன்னு தெரியலையா உங்களுக்கு? பரவால்ல. தன் ஊரே தெரியாதவருக்கு அடுத்தவன் ஊரு எப்படித் தெரியும்? ஆனா ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையோட அப்பா எந்திரிச்சு வரும்போது உங்க ஆளுங்க என்ன வாசிக்கிறாங்கன்னு நான் கேக்கணும். காதத் தீட்டிக்கிட்டு முதல் வரிசையில உக்காந்திருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெர்தியும் சிரித்தார். ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அத்தனை வருஷமாக அத்தனை பேருக்கு வாசித்தவர் தனக்கு என்ன வாசிப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இனிமேல் யோசிக்காமல் இருக்க முடியாது. செப்டம்பரில் கல்யாணம். முந்நூறு பேர் முன்னால், அவர் எழுந்து மைக்குக்கு நடக்கிற இருபது எட்டுக்கு ஏதாவது ஒன்று ஒலித்தாக வேண்டும்.

மே மாதம் முழுவதும் முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக வாசித்துப் பார்த்தார். உக்ரேன் பாட்டு ஒன்றை வாசித்துவிட்டு, நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று காத்திருப்பார். அசையும். போலந்துப் பாட்டை வாசித்தாலும் அசையும். தாத்தார் பாட்டுக்குக் கண்ணே கலங்கும். அதுதான் கஷ்டம்; எல்லாப் பாட்டுக்கும் அவருக்கு அசைந்தது.

"இதைக் கேளு, மன்சூரா. இதுல என் குரல் மாதிரி ஏதாவது தெரியுதா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மன்சூரா, கேரட் நறுக்கிக்கொண்டே. "நாப்பது வருஷம் இந்தச் சந்துத் தண்ணியக் குடிச்சிட்டு இப்ப வந்து ஊரத் தேடுறீங்க. வாங்க, வெங்காயத்த உரிங்க. அதுலயும் கண்ணு கலங்கும்."

சோபித்துக்கு அதில் குழப்பமே இல்லை. அவர் பெர்தியைவிடப் பத்து வயது மூத்தவர், எதையும் சீக்கிரம் முடித்துவிட விரும்புகிறவர். "தாஷ்கண்ட் பாட்டை வாசிச்சாப் போச்சு. எதுக்குடா இந்தக் கூத்து?"

"அது தாஷ்கண்ட்ல பொறந்தவனுக்கு," என்றார் பெர்தி. "நான் வந்து இறங்கினவன். அதை வாசிச்சா முத்தல்லிப் என்ன சொல்லுவாரு? இரவல் தொப்பின்னு சொல்லுவாரு."

"எங்கப்பா அம்மாவும் ரயில்லதான் வந்து இறங்கினாங்க," என்றான் ஹெகாய். "கடலோரத்துலேர்ந்து ஒரு மாசம், மாடு ஏத்துற ரயில் பெட்டியில. நான் எந்த ஊருக்காரன்னு எனக்கும் தெரியாது."

"உங்கப்பா அம்மா பாட்டையும் கூடவே கொண்டு வந்தாங்கல்ல? எனக்கு அந்தச் சீட்டுகூட அழிஞ்சு போச்சுடா."

ஹெகாய் அக்கார்டியனின் துருத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

ஜூலையில் பெர்தி அக்காவிடம் போனார். ஹபீபா அதே பஞ்சுக்காரச் சந்தில், இரண்டு வீடு தள்ளி இருந்தாள். ஐம்பத்துமூன்று வயது, ஐந்து பிள்ளைகள், சந்து முழுவதும் கேட்கிற குரல். பெர்தி தர்பூசணியை அறுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, நான் வந்த அன்னிக்கு எப்படி இருந்தேன்? ஏதாவது பாடிக்கிட்டு வந்தேனா? எந்த பாஷையில பேசினேன்?"

"பேசினியா? வாயே தொறக்கல," என்றாள் ஹபீபா. "ஒத்தக் கால்ல ரப்பர் செருப்பு. கையில ஒரு கரண்டி. அதைப் புடுங்கப் போனா கடிப்பே. அஞ்சு மாசம், டேய், அஞ்சு மாசம் ஒரு சத்தம் கெடையாது. ஊமைன்னே நெனச்சோம். அம்மா ஒவ்வொரு தர்காவா தூக்கிக்கிட்டுப் போனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் வாயத் தொறந்தே. அதுலேர்ந்து மூடல. ஏன்டா, ரவ்ஷன் கல்யாணத்த வெச்சுக்கிட்டு இப்பப் போய் இதையெல்லாம் கேக்கறே? எத்தன மெத்த தெக்கணும்னு தெரியுமா எனக்கு?"

பெர்தி தர்பூசணியைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹெகாயையும் சோபித்தையும் உட்காரவைத்துக் கண்டிப்பாகச் சொன்னார்: "நான் எந்திரிக்கும்போது ஒண்ணும் வாசிக்காதீங்க. கை தட்டச் சொல்லுங்க. போதும்."

"சரிண்ணே," என்றான் ஹெகாய். ரொம்பச் சுலபமாகச் சொன்னான். பெர்திக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கல்யாணம் பஞ்சுக்காரச் சந்திலேயே நடந்தது. மூலைக்கு மூலை விளக்குச் சரம் கட்டி, சந்து நீளத்துக்கு மேசை போட்டிருந்தார்கள். மது கூடாது என்று மாஸ்கோவிலிருந்து உத்தரவு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் மேசைகளில் பாட்டில் எதுவும் இல்லை. தேநீர்க் கெண்டிகள்தான் வரிசையாக இருந்தன, சிலவற்றில் தேநீரும் இருந்தது. விருந்தாளிகள் பச்சைத் தேநீரைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஊறுகாயைத் தேடினார்கள்.

சொந்த மகன் கல்யாணத்தில் அப்பன் வாசிக்கக் கூடாது. வாசலில் நின்று, வலக்கையை நெஞ்சில் வைத்து, வருகிறவர்களை வரவேற்க வேண்டும். பெர்தி நின்றார். அவர் விரல்கள் நெஞ்சில் சும்மா இருக்கவில்லை. கோட்டுப் பொத்தான்கள் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வாத்தியக்காரர்களின் மேடையில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் கிளாரினெட்டைப் படுக்கவைத்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கமே பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

முத்தல்லிப் வந்தார். தலையில் அதே பூவேலைத் தொப்பி. சொன்ன மாதிரியே முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

வாழ்த்துகள் ஆரம்பித்தன. தாயிராவை மடியில் சாய்த்துக்கொண்டு சோபித் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்தார். பேராசிரியர் வந்தார், அவருக்கு மகாம். தாத்தார் மாமா ஒருவர் வந்தார், ஆர்மீனியத் தையற்காரர் வந்தார், ஹெகாயின் அம்மாகூட வந்து கொரிய பாஷையில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார். முத்தல்லிப்பைக் கூப்பிட்டபோது ஹெகாய் அந்திஜான் ஆட்டப் பாட்டை எடுத்தான். முத்தல்லிப் ஷஹ்ரிசப்ஸ் தொப்பியோடு அந்திஜான் பாட்டுக்கு ஆடிக்கொண்டே வந்தார், தொப்பியை ஒரு விரலால் தட்டி பெர்தியைப் பார்த்துக் கண்ணடித்தார். சந்து முழுக்கச் சிரிப்பு. பெர்தியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அடுத்தது அவர்.

"மாப்பிள்ளையோட தகப்பனார், நம்ம எகம்பெர்தி!" என்று சோபித் கூவினார்.

கை தட்டினார்கள். பெர்தி எழுந்தார். முதல் எட்டு வைத்தார். மேடையில் யாரும் எதுவும் வாசிக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. கைதட்டல் மெலிந்துகொண்டே வந்தது. வாசிக்காதீர்கள் என்று சொன்னது அவர்தான். இருந்தாலும், நிஜமாகவே வாசிக்காமல் விட்டுவிட்டார்களே என்று மேடைப் பக்கம் பார்த்துவிட்டார். முந்நூறு பேர் அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முத்தல்லிப்பின் முகத்தில் இப்போது கேலி இல்லை; அவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கெண்டியைப் பார்த்தார்.

ஐந்தாவது எட்டில் அக்கார்டியன் எழுந்தது. இரண்டு சுரம் ஏறி, மூன்றாவதில் நீளமாக நின்று, நாலாவதில் சரிந்தது. மறுபடியும் அதே நாலு. சோபித் தாயிராவில் மெல்லத் தாளம் போட்டார். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்ற சமையல்காரர் தன்னையறியாமல் குனிந்து விறகை இழுத்தார். பின் மேசைகளில் குழந்தைகள் "பெர்தி வந்தாச்சு, பெர்தி வந்தாச்சு" என்று கத்தத் தொடங்கின. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து கை தட்டினார்கள், இந்தத் தடவை தாளத்தோடு.

பெர்தி மட்டும் நின்றுவிட்டார். அவருக்கு அந்தப் பாட்டு தெரியவில்லை. ஊர் ஊராக, இனம் இனமாக எத்தனையோ பாட்டு வாசித்தவர், காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஹெகாயிடம் கேட்டார்.

"யாரு பாட்டுடா இது? எந்த ஊரு?"

ஹெகாய் வாசிப்பதை நிறுத்தாமல் பல்லைக் காட்டினான். "தெரியலையாண்ணே? பதினெட்டு வருஷமா தெனமும் உங்க பக்கத்துல உக்காந்து கேக்கறேன். ரீட நனைச்சதும் நீங்க ஊதறதுதான். உங்க பாட்டுதாண்ணே."

பெர்தி குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். 

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஹபீபாவின் குரல் எழுந்தது. ஒலிபெருக்கி எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"டேய், நிறுத்துங்கடா! மறுபடி வாசி அத!" ஹபீபா எழுந்து நின்றுவிட்டாள். ஹெகாய் மறுபடி வாசித்தான். அவள் இரண்டு கையாலும் தொடையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, இது உம்ரி! பால்காரி உம்ரி!"

"எந்த உம்ரிம்மா?" என்று கேட்டார் முத்தல்லிப்.

"யுத்த காலத்துல இந்தச் சந்துல பால் வித்தவ. தெனமும் காலையில வாளியத் தூக்கிக்கிட்டு வருவா. பாலே... தயிரே...ன்னு கூவுவா. இதே மெட்டு! எப்படி மறந்தேன் நான்! சம்பந்தி, இவன் அஞ்சு மாசம் வாயே தொறக்கல. ஊமைன்னு நெனச்சோம். ஒரு நாள் காலையில வாசக் கதவுக்குப் பின்னாலேர்ந்து உம்ரி கூவுறா. நாங்க எல்லாரும் கிண்ணத்த எடுத்துக்கிட்டு ஓடுறோம். எதிர்வீட்டு ஆளுங்களும் ஓடி வர்றாங்க. பாத்தா உம்ரி இல்ல. இவன்தான் உக்காந்து கூவிக்கிட்டிருக்கான். கரண்டிய வாளி மாதிரி ஆட்டிக்கிட்டு! இவன் வாயிலேர்ந்து வந்த முதல் சத்தம் அதுதான். எங்கம்மா வெறுங்கிண்ணத்தோட உக்காந்து அழுதாங்க. உம்ரி வந்து, என் வியாபாரத்தக் கெடுக்கறது எவண்டான்னு சண்டைக்கு நின்னா!"

சந்து சிரித்தது. பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர், ஆமாம் ஆமாம், உம்ரி, அந்தத் தண்ணிப் பால் உம்ரி என்று தலையாட்டினார்கள்.

முத்தல்லிப் எழுந்தார். மைக்கைத் தாண்டி, பெர்திக்கு நேரே வந்து நின்றார். ஏப்ரலில் பேசியது அவருக்கும் நினைவில் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"சம்பந்தி, அன்னிக்கு நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க. உங்க ஊரு இந்தச் சந்துதான். அந்திஜான்ல எனக்குன்னு பாட்டு இருக்கு, ஆனா அது ஊருக்கே பொதுவானது. உங்களுக்கு ஒரு சந்தே பாட்டு குடுத்திருக்கு." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "வாசிங்க. அப்பன் வாசிக்கக் கூடாதுன்னு சொல்றவன நான் பாத்துக்கறேன்."

பேசுவதற்காக பெர்தி ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தார். சட்டைப்பையில் கைவிட்டவர் அதை எடுக்கவில்லை. மேடைக்குப் போய்க் கிளாரினெட்டை எடுத்து, ரீடை வாயில் வைத்து நனைத்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நனைத்தார். சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் இதைத்தானா ஊதிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

ஊதினார். இரண்டு சுரம் ஏறின. மூன்றாவது நீண்டது. அங்கே அவருடைய உதடு விட்டுக்கொடுத்துவிட்டது. சிரித்தாலும் அழுதாலும் கிளாரினெட் வாசிக்க முடியாது, அவர் இரண்டையும் செய்துகொண்டிருந்தார். வெறும் காற்றுதான் வந்தது. நாலாவது சுரத்தைச் சந்தே பாடி இறக்கியது, மேசைக்கு மேசை, ஒரே குரலாக.

பெண்கள் பக்கத்தில் ஹபீபா, பால் வாங்க நீட்டுகிற மாதிரி, தேநீர்க் கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள், நூறு கிண்ணம் இருக்கும்.

"தண்ணி கலக்காம ஊத்துடா, தம்பி," என்றாள்.